மடக்கை அச்சில் காணாமற்போகும் கோடு

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியின் மாஸ் தொகுப்பில், 62 பாலூட்டி இனங்களின் உடல் எடையைக் கிலோகிராமிலும் மூளை எடையைக் கிராமிலும் தரும் அட்டவணை ஒன்று உண்டு. அதிலுள்ள ஒரு மூஞ்சூறின் உடல் 0.005 கிலோ, ஆப்பிரிக்க யானையின் உடல் 6,654 கிலோ. சாதாரண அச்சுகளில் வரைந்தால் இரு யானைகள் எட்டத்தில் நிற்க, பிற விலங்குகளில் பெரும்பாலானவை மூலையில் ஒரே கறையாக அப்பிக்கொள்கின்றன. பிளாட் கட்டளையில் இரு அச்சுகளையும் மடக்கைக்கு, அதாவது எண்ணைப் பத்தின் அடுக்காக அளக்கும் முறைக்கு, மாற்றினால், சம தூரம் சம விகிதத்தைக் குறிக்கத் தொடங்கி, புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமைகின்றன.

ஆனால் மாறுவது படம் மட்டுமே. தொடர்புப்போக்கை, அதாவது புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டை, கணக்கிடும் எல்எம் சார்பு அச்சுகளைப் பார்ப்பதில்லை. மூல எண்களையே கொடுத்தால், வெட்டுத்துண்டு (உடல் எடை சுழியாகும்போது கோடு காட்டும் மதிப்பு) 91, சாய்வு 0.97 என விடை வரும். அதைக் கோடு வரையும் ஏபிலைன் கட்டளையிடம் ஒப்படைத்தால், மடக்கை அச்சுகளில் அது 91-ஐப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொள்வதால், கோடு சட்டகத்துக்கு வெகு உயரத்தில் போய்விடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. கோடு மட்டும் இருக்காது. கோட்டை மூல எண்களின்படியே வரையச் சொல்லும் யுஎன்டிஎஃப் என்னும் தேர்வை இயக்கினால் அதே கோடு வளைகோடாகத் தென்படும். அப்போதுதான் அதன் இலட்சணம் தெரிகிறது: 0.14 கிராம் மூளையுள்ள அந்த மூஞ்சூறுக்கு அது 91 கிராம் மூளையை ஒதுக்குகிறது.

ஆகவே இரு மாறிகளுக்கும் மடக்கை எடுத்த பிறகே கோட்டைப் பொருத்த வேண்டும். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. கோடு கண்ணுக்குத் தெரிவதால் முன்னதைவிட இதுவே ஆபத்தானது. ஆர் மொழியில் லாக் என்று மட்டும் எழுதினால் அது இயல் மடக்கை, அதாவது பத்துக்குப் பதில் சுமார் 2.718-ஐ அடிமானமாகக் கொண்டது. ஏபிலைன் எதிர்பார்ப்பதோ பத்தடி மடக்கை. சாய்வு எந்த அடிமானத்திலும் 0.752தான். வெட்டுத்துண்டு அப்படியல்ல, இயல் மடக்கையில் 2.135, பத்தடியில் 0.927. முதல் எண்ணை அப்படியே கொடுத்தால், ஒரு கிலோ விலங்குக்கு 8.5 கிராம் காட்ட வேண்டிய கோடு 136 கிராம் காட்டும். சாய்வு சரியாக இருப்பதால், புள்ளிகளுக்கு இணையாக, 16 மடங்கு உயரத்தில் ஓடும். பொருத்தும்போதே லாக்10 சார்பைப் பயன்படுத்திவிடுவது நல்லது.

சரியான கோட்டின்படி, உடல் எடை பத்து மடங்கானால் மூளை எடை 5.6 மடங்காகிறது. 62 கிலோ மனிதனுக்கு அது தருவது சுமார் 188 கிராம். அட்டவணையில் இருப்பது 1,320. மடக்கையில் விலகல்கள் இருபுறமும் சமச்சீராக இருக்கும்போது, மீண்டும் கிராமுக்கு மாற்றிப் பெறும் இத்தகைய மதிப்பு இடைநிலை அளவே, அதாவது பாதி மேலும் பாதி கீழும் இருக்கும் நடு மதிப்பே; கூட்டுச் சராசரி அதைவிட அதிகமாக இருக்கும்.