சரவாங்கி இருக்கு, லூப்பஸ் இருக்கு, ஃப்ளூ ஊசி போடலாமான்னு கேக்குறவங்களுக்கு

நேத்து ஐசியுல இருந்து வார்டுக்கு மாத்தின ஒரு அம்மாவ பாத்துட்டு வந்து இத எழுதுறேன். இந்த மழை சீசன்ல இதே கதையோட வந்த மூணாவது ஆளு. மூணு பேருமே என்கிட்டயே வருஷக்கணக்கா வைத்தியம் பாக்குறவங்க, மூணு பேருக்குமே ஃப்ளூ ஊசி போடச் சொல்லி சீட்டுல எழுதிக் குடுத்திருந்தேன், மூணு பேருமே போடல. அதான் மனசு கேக்கல.

இந்த அம்மா உசிலம்பட்டி பக்கம். 50 வயசு ஆகல, ஆறு வருஷமா சரவாங்கி, அதாவது முடக்குவாதம். மொதல்ல வந்தப்ப காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு வெரல மடக்க முடியாது, டம்ளர் புடிக்க முடியாது. மல்லிப்பூ கட்டுறதுதான் பொழப்பு, அந்தக் கைய வச்சுக்கிட்டு எங்கிட்டு பூ கட்டுறது? எதிர்ப்பு சக்திய அடக்குற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூட கொஞ்சூண்டு ஸ்டீராய்டுன்னு ஆரம்பிச்சு, ஒரு வருஷத்துல மறுபடி பூக்கூடைய முன்னால வச்சு உக்காந்துட்டாங்க. எனக்கு அம்புட்டு சந்தோசம். ஆகஸ்ட்ல செக்கப் வந்தப்ப, மழைக்கு முன்னால இந்த ஊசியப் போட்டுருங்கம்மான்னு சொன்னேன், சரிங்க டாக்டரம்மான்னு தலையாட்டிட்டு போனாங்க.

ஏன் போடலன்னு இப்ப அவங்க மகன்கிட்ட கேட்டா, "அம்மா வியாதியே எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாகி வர்றதுதான மேடம், அதுல தடுப்பூசி வேற போட்டா இன்னும் ஏறி ஒடம்பையே தின்னுரும்னு வாட்ஸப்ல வந்துச்சு"ங்கிறாரு. தீபாவளிக்கு முந்தின வாரம் பேரனுக்கு பள்ளிக்கூடத்துல இருந்து சளி காய்ச்சல் வந்திருக்கு, ரெண்டு நாள்ல பாட்டிக்கும் வந்துருச்சு. காய்ச்சல் பெருசா அடிக்கல, ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு காய்ச்சல அது அமுக்கிரும், அதனால சாதா சளிதான்னு மெடிக்கல்ல மூணு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுருக்காங்க. யாரோ "அந்த சரவாங்கி மாத்திரையாலதான் காய்ச்சல், மொத்தத்தயும் நிறுத்து"ன்னு சொல்ல, ஸ்டீராய்டு உட்பட எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தியாச்சு. ஆறாவது நாள் மூச்சு வாங்கி, பிரஷர் எறங்கி, தூக்கிட்டு வர்றாங்க. ரெண்டு பக்க நுரையீரல்லயும் நிமோனியா. எட்டு நாள் ஐசியு. பொழச்சுட்டாங்க. ஆனா மாத்திரை நின்னதுல வெரல் எல்லாம் மறுபடி வீங்கி, இப்ப டம்ளர் புடிக்க முடியல.

அந்த வாட்ஸப் சமாச்சாரத்துக்கு வர்றேன், ஏன்னா படிச்சவங்க, வாத்தியாருங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க வரைக்கும் இதத்தான் சொல்றாங்க.

எதிர்ப்பு சக்திங்கிறது வைகை அணைத் தண்ணி மாதிரி ஒரே மட்டமா ஏறி எறங்குற விஷயம் இல்ல. ஏற்கனவே 71 அடி நெறஞ்சு கெடக்கு, இன்னொரு மழை பேஞ்சா தாங்காதுங்கிற கணக்கு இங்க செல்லாது. ஒங்க நோய்ல எதிர்ப்பு சக்தி "ஜாஸ்தி" ஆகல, ஆள் அடையாளம் மாறிப் போச்சு. அதுல ஒரு கூட்டம் சொந்த மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. லூப்பஸ்னா தோலு, கிட்னின்னு அடிக்குது. மத்தபடி வைரஸ அடிக்க வேண்டிய கூட்டம் வேற, அது பாட்டுக்கு இருக்கு, சொல்லப்போனா நாங்க குடுக்குற மாத்திரையால அது கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு. ஃப்ளூ ஊசி பண்றது இம்புட்டுதான்: அந்த வருஷத்து ஃப்ளூ வைரஸோட மேல்தோல்ல இருக்குற புரதத்த, ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் கணக்குல, அந்த வைரஸ் கூட்டத்துக்குக் காட்டி "இந்த மூஞ்சிய பாத்து வச்சுக்க, வந்தா விடாத"ங்குது. மூட்ட அடிக்கிற கூட்டத்துக்கு அதுல சோறு கெடையாது.

சரி, ஒரு வாதத்துக்கு, எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்புற எல்லாமே ஒங்க நோய ஏத்தும்னே வச்சுக்குவோம். அப்ப நெஜ ஃப்ளூ வந்தா என்ன ஆகும்? ஊசில இருக்குறது செத்த சரக்கு, பெருகாது, கொஞ்ச நாள்ல காணாமப் போயிரும். நெஜ வைரஸ் தொண்டையில ஆரம்பிச்சு லட்சக்கணக்குல பெருகி, ஒடம்பு பூரா எதிர்ப்பு சக்தியப் போட்டு உலுக்கும். அதுக்கப்புறம் நோய் கெளம்புறத நான் அடிக்கடி பாக்குறேன். ஊசிக்கு பயந்து நெஜ வைரஸ் வரட்டும்னு உக்காந்திருக்குறது என்ன நியாயம்னு எனக்குப் புரியல. சரவாங்கி, லூப்பஸ் ஆளுங்கள வச்சே பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க, ஃப்ளூ ஊசி போட்டவங்களுக்கு நோய் ஜாஸ்தியாகுறது இல்லன்னுதான் வருது. ஐரோப்பிய மூட்டுவாத டாக்டர்கள் அமைப்பு 2019லயும் அமெரிக்க அமைப்பு 2022லயும் குடுத்த வழிகாட்டுதல் ரெண்டுமே இந்த ஊசிக்கு ஆதரவாத்தான் இருக்கு.

இதுல இன்னொண்ணு. ஊசி போட்டா எதிர்ப்பு சக்தி ஏறிரும்னு பயப்படுற அதே வீட்ல, எதிர்ப்பு சக்தி ஏறணும்னு சீந்தில் பொடிய தெனம் காலைல கலக்கிக் குடுக்குறாங்க. சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு, எதிர்ப்பு சக்தி சொந்த ஒடம்பையே அடிக்கிற ஆட்டோ இம்யூன் நோய்ல வர்ற மாதிரியே லிவர் கெட்டுப் போனத மும்பை டாக்டருங்க 2021ல எழுதியிருக்காங்க. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுற ஆளுக்கு லிவர்தான் நாங்க மாசக்கணக்குல காவல் காக்குற எடம். கஷாயம், பொடி எது சாப்பிட்டாலும் தயவு செஞ்சு மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டேன்.

"எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, ஊசி தாங்காது"ன்னு நேர் எதிரா சொல்றவங்களும் இருக்காங்க. கைல போடுற ஃப்ளூ ஊசில உயிரோட வைரஸ் கெடையாது, அதனால அந்த ஊசியால ஃப்ளூ வர வாய்ப்பே இல்ல. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேன்னு ஒண்ணு இருக்கு, அதுல உயிருள்ள, வீரியம் கொறச்ச வைரஸ் இருக்கு, அது ஒங்களுக்கு வேண்டாம். கேட்டுப் போடுங்க, கைல போடுற ஊசிதான்னு. போட்ட எடத்துல வலி, லேசா காய்ச்சல், ஒடம்பு வலி ஒண்ணு ரெண்டு நாள் இருக்கலாம். அந்த ரெண்டு நாள் மூட்டும் கொஞ்சம் வலிச்சா நோய் திரும்பிருச்சுன்னு பதறாதீங்க. ஒரு வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தா வாங்க, பாப்போம்.

மாத்திரை விஷயம் சொல்லிடறேன், இங்கதான் ஆளாளுக்கு சொந்தமா முடிவெடுத்து கெடுத்துக்குறாங்க.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டா ஊசி கொஞ்சம் கொறவாத்தான் புடிக்கும். அதுக்காக ஊசி போட்ட "பெறகு" ரெண்டு வாரம் அத நிறுத்தி வைக்கலாம்னு சொல்லுவோம், அதுவும் நோய் அடங்கி இருந்தா மட்டும். ஊசிக்கு முன்னால நிறுத்தி பிரயோஜனம் இல்ல. நோய் கெளம்பி இருக்குற ஆளுக்கு நிறுத்தவே மாட்டோம், ஊசிய மட்டும் போடுவோம். அத ஒங்க டாக்டர் சொல்லணும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கூடாது, அவங்க நோய் வேற ஒங்க நோய் வேற. (சொல்ல வந்த எடத்துல இதையும் சொல்லிக்கிறேன், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. தெனம் போட்டு ரத்த அணுக்கள் எல்லாம் எறங்கி வந்தவங்கள நான் பாத்திருக்கேன். எந்தக் கெழமைன்னு காலண்டர்ல வட்டம் போடுங்க.)

ஸ்டீராய்ட ஒரு நாள் கூட நீங்களா நிறுத்தக் கூடாது. ஊசிக்காகவும் கூடாது, காய்ச்சலுக்காகவும் கூடாது. ரொம்ப நாளா வெளில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டு இருந்தா ஒடம்பு தானா சுரக்குறத மறந்திருக்கும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் எறங்கி ஆளே விழுந்துருவாங்க. அந்த அம்மாவுக்கு நடந்ததுல பாதி இதுதான்.

இதே நோய்களுக்கு குடுக்குற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மாத்திரை எல்லாம் அது பாட்டுக்கு போகட்டும். ரிட்டுக்ஸிமாப்ங்கிற மருந்த ட்ரிப்ஸ்ல ஏத்துறவங்க மட்டும் அடுத்த டோஸ் தேதிய கைல வச்சுக்கிட்டு வாங்க, ஃப்ளூ ஊசிய மொதல்ல போட்டுட்டு முடிஞ்சா ரெண்டு வாரம் கழிச்சு அத ஏத்தலாம்.

யாருக்கு வேண்டாம்? முன்ன போட்ட ஃப்ளூ ஊசில மூச்சு திணறி, ஒடம்பெல்லாம் வீங்கி அலர்ஜி ஆனவங்களுக்கு வேண்டாம். ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள்ள கை கால் வெளங்காமப் போற கில்லன் பாரே வந்தவங்க டாக்டர்கிட்ட உக்காந்து பேசித்தான் முடிவெடுக்கணும். இன்னைக்கு நல்ல காய்ச்சல்னா அது வுட்டப்புறம் போடுங்க. முட்டை அலர்ஜின்னு திருப்பி அனுப்புறது பழைய கதை, அது இப்ப தடை இல்ல.

நம்ம பக்கம் ஐப்பசி மழையோடதான் ஃப்ளூ ஏறும். ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால ஆவணி, புரட்டாசிலயே போட்டுருங்க. மதுரை விளக்குத்தூண் பக்கம் தீபாவளி கூட்டத்துல தோளோட தோள் ஒரசி துணி எடுத்துட்டு வந்து, காய்ச்சல் வந்தப்புறம் ஊசி கேட்டா அது அன்னைக்கு ஒதவாது. வைரஸ் வருஷா வருஷம் வேஷம் மாத்தும், உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவ உக்காந்து எந்தெந்த வைரஸ ஊசில சேக்கணும்னு சொல்றாங்க, அதனால போன வருஷம் போட்டாச்சேன்னு சொல்லாதீங்க. வாங்கிட்டு வந்து வீட்ல வைக்காதீங்க, 2ல இருந்து 8 டிகிரி குளிர்ல இருக்கணும், ஃப்ரீசர்ல வச்சா வீணாப் போயிரும், போடுற எடத்துலயே வாங்கிப் போட்டுக்கங்க. வழக்கமான அரசு தடுப்பூசி அட்டவணைல பெரியவங்களுக்கு இது இல்ல, காசு குடுத்துத்தான் போடணும். கஷ்டந்தான், தெரியும். ஆனா அந்த மகன் எட்டு நாள் ஐசியுக்கு நகைய அடகு வச்சு கட்டினாரு.

எங்க ஆளுங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். வார்டு டாக்டர் "ஒங்க மூட்டு டாக்டர கேளுங்க"ங்கிறாரு, மூட்டு டாக்டர் ரூம்ல கூட்டம், அடுத்த தடவ பாப்போம்ங்கிறாரு, ஊசி போடுற கிளினிக்ல சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட்ட பாத்ததும் பயந்து திருப்பி அனுப்புறாங்க. பேரையூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த மனுஷன் எத்தன தடவ அலையுவாரு? சீட்டுலயே "இந்த ஊசி போடலாம், மாத்திரைய இப்படி பண்ணணும்"னு தெளிவா எழுதிக் குடுத்துருங்க. நானும் இனிமே வாயால சொல்லி விட்ராம, எதுக்கு பயப்படுறீங்கன்னு கேட்டுட்டுத்தான் அனுப்பப் போறேன்.

மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஊசி முழுசா புடிக்காம போகலாம்னு சொன்னேன்ல, அதனால கூட இருக்குறவங்களும் போடணும். குறிப்பா பேரப் புள்ளைங்க, அவங்கதான் வீட்டுக்கு கொண்டு வர்றது. ஊசி போட்டும் காய்ச்சல் சளி வந்தா, லேசா இருந்தாலும் அன்னைக்கே டாக்டர பாருங்க, ஃப்ளூக்கான ஓசல்டாமிவிர் மாத்திரைய 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். மூச்சு வாங்கினாலோ விரல்ல மாட்டுற மிஷின்ல ஆக்சிஜன் 94க்கு கீழ காட்டினாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. நிமோனியாவுக்குன்னு தனி ஊசி இருக்கு, அதையும் கேளுங்க.

நேத்து வார்டுல அந்த அம்மா கேட்டாங்க, "வந்துட்டுப் போயிருச்சே டாக்டரம்மா, இனிமே எனக்கு எதுக்கு ஊசி?" ஊசில மூணு நாலு வகை வைரஸுக்கு பாதுகாப்பு இருக்கு, ஒங்களுக்கு வந்தது ஒரு வகைதான்னு சொன்னேன். தேறி செக்கப்புக்கு வர்ற அன்னைக்கு போடலாம்னு பேசியிருக்கோம். வெரல் வீக்கம் இருக்குறதால மெத்தோட்ரெக்ஸேட்ட மறுபடி ஆரம்பிச்சப்புறம் இந்தத் தடவ நிறுத்தப் போறது இல்ல. மகனும் மருமகளும் பேரனும் அதே நாள்ல போட்டுக்குறோம்னுட்டாங்க. அந்த அம்மா எடது கைல போடச் சொல்றாங்க, வலது கைலதான் நாரு முடியணுமாம்.