பன்னெறி நிரல்மொழி: சொல் விளக்கம்

‘ஊப்ஸ்’ என்றால் பாளையங்கோட்டையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே புரியும்: தரவையும் அதன்மீது செய்யும் வேலைகளையும் ஒரே பொருளாகக் கட்டி நிரல் எழுதும் முறை. ‘ஃபங்ஷனல்’ என்றாலும் ஓரளவு பிடிபடும்: உள்ளீட்டை வாங்கி விடை தரும் சின்னக் கணக்குகளைக் கோத்து எழுதும் முறை. இரண்டையும் ஒரே மொழியில் எழுத முடிந்தால் அதை ‘மல்டி பாரடைம்’ மொழி என்கிறார்கள். தமிழில் பன்னெறி நிரல்மொழி எனலாம்.

பாரடைம் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முன்மாதிரி என்று பொருள். கணினி அறிஞர் ராபர்ட் ஃபிளாய்டு 1978இல் ஆற்றிய டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) உரையின் தலைப்பிலேயே அது இருந்தது. ஆனால் முன்மாதிரி என்று எழுதினால் நமக்குச் சோதனைக்குச் செய்த மாதிரிப் பொருள்தான் நினைவுக்கு வரும். நிரல் எழுதுபவர் எந்த வழியில் யோசிக்கிறார் என்பதே இங்கே பேச்சு. அதனால் நெறி.

ஊப்ஸுக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது நிலைத்துவிட்டது. சிக்கல் ஃபங்ஷனலில்தான். ‘செயல்பாட்டு நிரலாக்கம்’ என்று சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக் கணக்குப் பாடநூலில் ஏற்கெனவே சார்பு இருக்கிறது: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. இந்த நெறியின் உயிரே அதுதான். தர்க்கவியலாளர் அலான்சோ சர்ச் 1930களில் வகுத்த, சார்புகளை மட்டுமே கொண்டு கணக்கிடும் லாம்டா கணிதத்தில் அதற்கு வேர் இருக்கிறது. ஆகவே சார்பு நிரலாக்கம். ஒரு நிரல் இன்னொன்றை நம்பியிருப்பதைச் சொல்லும் ‘டிபென்டென்சி’க்குச் சார்புநிலை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சரி, இரண்டும் எப்படிச் சேர்கின்றன? நம் அணைகளையே எடுத்துக்கொள்வோம். ‘அணை’ ஓர் இனக்குழு (‘கிளாஸ்’), அதாவது பொருள்களை வார்க்கும் அச்சு. பெயர், உச்ச நீர்மட்டம், இன்றைய மட்டம் மூன்றும் அதற்குள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று மூன்று பொருள்கள். எவை பாதிக்கு மேல் இருக்கின்றன? ‘இன்றைய மட்டம் உச்சத்தில் பாதியைத் தாண்டியதா’ என்ற சின்னச் சார்பைப் பட்டியலின் ஃபில்டரிடம், அதாவது பொருந்துவதை மட்டும் பொறுக்கியெடுக்கும் வசதியிடம், கொடுத்தால் போதும். புதுப் பட்டியல் வரும், பழையது அப்படியே இருக்கும். மழை பெய்து மட்டம் ஏறினாலும் பழைய பொருளில் கைவைக்காமல், மட்டம் மட்டும் மாறிய நகலை எடுக்கிறோம். நேற்றைய கணக்கு கெடாது.

இதை அடித்தளத்திலேயே செய்த மொழி ஸ்கேலா. மார்ட்டின் ஓடர்ஸ்கி சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உருவாக்கி 2004இல் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு பொருள். சார்பும் ஒரு மதிப்பு. அப்படியானால் சார்பும் பொருள்தான். ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. 1996இல் வந்த ஓகேமல் என்ற மொழி வேறு வழியில் இரண்டையும் சேர்த்திருந்தது.

அணைப் பட்டியலை ஜாவாவிலும் எழுதலாம். 2014இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் லாம்டாவும் (பெயரிடாமல் அங்கேயே எழுதும் சார்பு) ஸ்ட்ரீமும் (பட்டியலை ஃபில்டர் போன்றவற்றின் வழியே செலுத்தும் வசதி) உண்டு. மட்டம் போன்ற ஒரு புலம் மட்டும் மாறிய நகலை எடுப்பது மட்டும் ஸ்கேலா அளவுக்கு அதில் எளிதில்லை.