தலைவலி எவ்வளவு வேகத்தில் வந்தது?

மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்குமோ என்று சந்தேகிக்கும் மருத்துவர், வலி எவ்வளவு கடுமை என்பதோடு நிறுத்த மாட்டார். எவ்வளவு சீக்கிரம் உச்சத்துக்குப் போனது என்று துருவித் துருவிக் கேட்பார். ஒற்றைத் தலைவலியும் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். ஆனால் அது பெரும்பாலும் மெல்ல மெல்ல ஏறும். மூளையின் மேல் உள்ள சிலந்திச் சவ்வுக்கு அடியில் தமனி வெடித்தாலோ, கை கழுவிக்கொண்டிருப்பவர் குழாயை மூடுவதற்குள் வலி உச்சத்தைத் தொட்டுவிடும்.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்திய சவ்வுகளுக்கும் ரத்தக்குழாய்களுக்கும்தான் தெரியும். அடிபடாமலே நேரும் இந்த வகைக் கசிவில் சுமார் 85 சதவீதம், தமனிச் சுவரில் பலூன்போல் புடைத்திருந்த அனியூரிசம் வெடிப்பதால் வருகிறது. ரத்தம் பீறிட்டு மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் எகிறுகிறது. வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுதல், நினைவு தப்புதல், சிலருக்கு வலிப்பு எல்லாம் அதன் தொடர்ச்சி. ஒரு பக்க இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்திருந்தால், புடைப்பு கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துகிறதோ என்ற சந்தேகம் வரும்.

கழுத்து விறைப்பைப் பற்றிப் பலருக்கும் தெரியும். அது தலைகாட்டப் பல மணி நேரம் ஆகலாம் என்பதுதான் தெரியாது. கழுத்து நன்றாக வளைகிறதே, மாத்திரை போட்டதும் வலி குறைந்ததே என்று வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து. முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஏறக்குறைய எல்லாக் கசிவும் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் நீர்த்து, ஸ்கேனின் கண்ணுக்குத் தப்பலாம். அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, ரத்தம் சிதைந்த மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

இதற்கு நேரெதிர், வெளிச் சவ்வுக்கு அடியில் சிரையிலிருந்து ஊறும் கசிவு. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும், அதையும் சவ்வையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசாகத் தலை இடித்துக்கொண்டாலே போதும், ஒன்று கிழிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாரக்கணக்கில் ரத்தம் சேர்ந்த பிறகுதான் தடுமாற்றம், தூக்கக் கலக்கம், குழப்பம், ஒரு பக்கம் பலவீனம் தெரியும். இடித்ததே அதற்குள் மறந்துபோயிருக்கும். வயசாகிவிட்டது, மறதி என்று குடும்பம் முடிவு கட்டிவிடும். என்னைக் கேட்டால், அதிகம் கோட்டை விடப்படுவது இதுதான்.

நெற்றிப்பொட்டில் பலத்த அடி பட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மயங்கினால் எலும்புக்கும் வெளிச் சவ்வுக்கும் இடையில் தமனி கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். அங்கே நிமிடங்கள்தான் கணக்கு.

சந்தேகம் வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அது கசிவைக் கூட்டலாம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போனால் அவசரப் பிரிவில் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தயார்.