கறிவேப்பிலைக்கு அடுப்புச் சாம்பல் வேண்டாம்

வன்னியில் வீட்டுத்தோட்டம் பார்க்கப் போனால், கத்தரி, மிளகாயை விட்டுவிட்டு முதலில் கறிவேப்பிலையடிக்குத்தான் கூட்டிப்போவார்கள். "சேர், யூரியாவும் போட்டனான், இன்னும் மஞ்சளாத்தான் வருது."

விவசாயப் போதனாசிரியராக நான் பார்ப்பது எந்த இலை மஞ்சள் என்பதைத்தான். அடியிலுள்ள முற்றின இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, யூரியா உதவும். குருத்திலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு எவ்வளவு யூரியா போட்டாலும் பசளைக் காசுதான் நட்டம்.

மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. செம்மண்ணின் நிறமே இரும்பால் வருவதுதான். ஆனால் மண்ணில் காரத்தன்மை கூடினால் வேரால் அதை எடுக்க முடியாது. இங்கே பல கிணறுகளில் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீரையும் ஊற்றி, விறகடுப்புச் சாம்பலையும் நாள்தோறும் மரத்தடியில் கொட்டினால்? சாம்பலும் காரம்தான். பூச்சிக்கென்று இலையில் கொஞ்சம் தூவுவது வேறு, அடியில் குவிப்பது வேறு. அம்மம்மாவும் சாம்பல் போட்டவதானே என்பீர்கள்; அவர் செய்தது முதலாவது.

சரி, என்ன செய்யலாம்? சாம்பலை நிறுத்திவிட்டு, உக்கிய மாட்டெரு போட்டுச் சருகால் மூடுங்கள். அவசரமென்றால் பெரஸ் சல்பேற் என்ற இரும்பு உப்பில் 5 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பின்னேரம் இலைக்குத் தெளிக்கலாம். பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படாமல் அடுத்து வரும் குருத்தைக் கவனியுங்கள். பறவை எச்சம் போல இலையில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்தாலே போதும். குழம்புக்குப் பறிக்கிற மரத்துக்கு மருந்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கொத்தமல்லியைக் காலம் பார்த்துப் போட வேண்டும். மாரி மழை குறையும் மார்கழி, தை நல்லது. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுத் தொடங்கியபின் போட்டால் இலை பறிக்குமுன்னே பூத்துவிடும். வறுக்காத கடை மல்லியே முளைக்கும். மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, வளர வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் வாடிப்போகும்.

புதினாவுக்கும், கறிக்கு வாசனைக்குப் போடும் றம்பைக்கும் கிணற்றடி நிழல் போதும். சவர்க்காரத் தண்ணீர் வழிந்தோடும் பக்கத்தை மட்டும் தவிர்த்து, சற்று மேட்டில் நடுங்கள்.