கேமிங் ஹெட்செட் மாற்றும் முன் காதைப் பாருங்கள்

போன ஆனி மாதம் பள்ளிபாளையத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. உட்காரும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், ஆறு மாசத்துல மூணு ஹெட்செட் வாங்கிட்டானுங்க. மூணுலயும் வலப்பக்கம் சத்தம் கம்மிங்கறான். கடைக்காரரு நல்லாத்தான் இருக்குதுங்கறாரு. எனக்கு என்னமோ இவன் காது மேலதான் சந்தேகமுங்க."

அம்மாவின் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. காதுக்குள் பார்க்கிற ஓட்டோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தால் வலது காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அதை எடுத்துவிட்ட பிறகு கேட்கும் திறனைச் சோதித்தோம். இரண்டு காதும் இப்போது சமமாகக் கேட்டன. ஆனால் ஆடியோகிராமில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் இரண்டு கோடுகளும் சற்றுக் கீழே இறங்கி, 8000-இல் மறுபடி மேலே ஏறின. சத்தத்தால் காது பழுதாகத் தொடங்கும்போது இப்படி ஒரு பள்ளம் விழும். தறி ஓட்டுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற பள்ளம். பத்தொன்பது வயதுப் பையனிடம் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது.

ஈரோட்டில் செவித்திறன் பரிசோதனை செய்கிற எனக்கு, கேம் விளையாடும் பிள்ளைகளிடமிருந்து இப்போது ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. எந்த ஹெட்செட், 7.1 (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் வைத்ததுபோன்ற ஒலி) வேண்டுமா, நாலா பக்கமிருந்தும் சத்தம் வருவதுபோல் காட்டும் சரவுண்டை ஆன் செய்யலாமா. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில், காசு செலவில்லாத ஒரு சோதனை. ஒரு பக்கம் சத்தம் குறைவாகத் தெரிந்தால் ஹெட்செட்டை இடம் வலமாக மாற்றி மாட்டிக் கேளுங்கள். குறைவு இப்போது அடுத்த காதுக்கு மாறினால் கோளாறு ஹெட்செட்டிலோ கருவியின் ஒலி அமைப்பிலோ. அதே காதிலேயே நின்றால் கோளாறு காதில். அப்போது பட்ஸ் போட்டுக் குடையாமல் மருத்துவரிடம் வாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் அன்றைக்கே வர வேண்டும், நாள் கடத்தக் கூடாது.

எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? வலப்பக்கத்துச் சத்தம் வலது காதுக்கு முதலில் வந்து, இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். அந்த இடைவெளி அதிகபட்சமே ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கூட இல்லை, ஏறக்குறைய 0.7 மில்லிநொடி. மூளைக்கு அது போதும். தலை குறுக்கே நிற்பதால் அந்தப் பக்கத்துக் காதில் சத்தம் குறைந்தும் கேட்கும். இடம் வலம் இப்படித் தெரிந்துவிடுகிறது. முன்னால், பின்னால், மேலே, கீழே என்பதெல்லாம் காது மடலின் வேலை. மடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலி, வந்த திசைக்கேற்பக் கொஞ்சம் நிறம் மாறித்தான் உள்ளே போகும். பிறந்ததிலிருந்து பழகியதால் மூளை அதைப் படித்துவிடும். இந்த அடையாளம் பெரும்பாலும் 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலிகளில்தான் இருக்கிறது. சத்தமாக வைத்துக் கேட்டால் முதலில் அடிபடுவதும் ஏறக்குறைய அதே இடம்தான். காலடி நன்றாகக் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால், திசை பார்க்கிற திறமையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இனி வர்ச்சுவல் சரவுண்ட். ஹெட்போன் மடலைத் தாண்டி நேராகக் காதுக்குள் ஒலியை அனுப்புவதால், மடல் செய்யும் வேலையை மென்பொருள் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் காதுக்குள் சின்ன மைக் வைத்து, ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலி எப்படி மாறுகிறது என்று அளந்து, அந்த மாற்றத்தை விளையாட்டின் ஒலி மேல் ஏற்றுகிறார்கள். இதற்குத்தான் எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். அளந்த காது உங்கள் காது அல்ல. அதனால்தான் ஒரே மென்பொருளை ஒரு பையன் அற்புதம் என்பான், பக்கத்துப் பையன் எல்லாம் தலைக்குள்ளேயே கேட்கிறது என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதில் ஐந்து வகை வைத்து, உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதனால்தான். விண்டோஸ் சோனிக் என்கிற இந்த வகை மென்பொருள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இலவசமாக இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் டால்பி அட்மாஸுக்குப் பணம் கட்டும் முன் அதை ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். முன்னால் வந்தானா பின்னால் வந்தானா என்று குழம்பினால் பயப்பட வேண்டாம், அடுத்தவர் காது அளவில் கேட்கும்போது அது சகஜம். விளையாட்டில் உங்கள் கதாபாத்திரத்தைச் சற்றே இடமோ வலமோ திருப்புங்கள், சத்தம் நகர்கிற விதத்தில் திசை பிடிபட்டுவிடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது ஒரே இடத்தில். வாலரண்ட் போன்ற விளையாட்டில் எச்.ஆர்.டி.எஃப். என்றே தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதையும் ஆன் செய்து, விண்டோஸிலும் சரவுண்ட் வைத்து, ஹெட்செட்டின் மென்பொருளிலும் 7.1-ஐத் தட்டிவிட்டால் ஒரே ஒலிக்கு மூன்று மடல் மாட்டியதுபோல் ஆகிவிடும். திசை மங்கும், பேச்சு குகைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். விளையாட்டுக்குள்ளேயே இருந்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் எந்தச் சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பது விளையாட்டுக்குத்தான் தெரியும். மற்றதையெல்லாம் ஸ்டீரியோவில் விட்டுவிடுங்கள். விளையாட்டுக்குள் அப்படி ஒன்றுமே இல்லாமல் வெறும் 5.1, 7.1 மட்டும் தருகிற கதை விளையாட்டுகளுக்கும் படங்களுக்கும் வெளி மென்பொருள் உதவும். பாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பெட்டியில் 7.1 என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். மிச்சமெல்லாம் மேலே சொன்ன கணக்கு வேலை. அந்த எண்ணுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதை விட, அதே பணத்தில் நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் வாங்கலாம். 50 மில்லிமீட்டர் டிரைவர் என்று அந்த ஸ்பீக்கரின் அளவைப் போட்டிருப்பதும் தரத்துக்கு அடையாளம் ஆகாது. மின்தடை 16, 32 ஓம் என்று போட்ட ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் தேவைப்படாது. 250 ஓம் ஸ்டுடியோ வகையை வாங்கினால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

மொபைலில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிற தம்பிகளுக்கு ஒன்று. ப்ளூடூத் இயர்பட்ஸில் சத்தம் பிந்தித்தான் வரும். மைக்கையும் ஆன் செய்தால் பலவற்றில் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும். இரண்டு காதிலும் ஒரே மெலிந்த ஒலி, இடம் வலமே போய்விடும். ஒயர் ஹெட்செட்டோ, டாங்கிள் (போனிலோ கம்ப்யூட்டரிலோ செருகும் சின்ன ரிசீவர்) வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் வகையோ எடுங்கள். போனில் ஜாக் இல்லாவிட்டால் டைப்-சி அடாப்டர் போதும்.

ஆனால் நம் ஊர்ப் பக்கம் தேர்வைத் தீர்மானிப்பது இதெல்லாம் இல்லை, வீட்டைச் சுற்றி இருக்கும் இரைச்சல்தான். அந்தப் பையனின் அறைக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். பட்டறைக்குள் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும். அறைக்குள் தறியின் நாடா இடம் வலமாகப் பாய்ந்து அடிக்கிற சத்தம் நாளெல்லாம் கேட்கும். அவன் வைத்திருந்ததோ திறந்த முதுகு ஹெட்போன், அதாவது வெளிப்பக்கம் மூடாமல் சல்லடைபோல் திறந்திருக்கும் வகை. இணையத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள் என்று வாங்கியிருக்கிறான். நிசப்தமான அறையில் திறந்த வகை அகலமாக, இயல்பாகக் கேட்கும் என்பது உண்மைதான். தறிச் சுவர் ஓரம் அது ஜன்னலைத் திறந்து வைத்தமாதிரி. தறியை மீறிக் காலடி கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றி ஏற்றியே அந்தப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்று வரம்பு சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 95-க்குப் போனால் வாரம் முழுதும் சேர்த்தே ஒன்றேகால் மணி நேரம்தான். தினம் மூன்று மணி நேரம் விளையாடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதனால் தறி, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங், ஸ்பின்னிங் மில், மெயின் ரோடு பக்கம் குடியிருப்பவர்கள் காதை முழுக்க மூடுகிற மூடிய வகையே எடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் போட்டபடியே மாட்டிப் பாருங்கள், பிரேமின் காம்பு மெத்தையைத் தூக்கினால் அந்த இடுக்கில் இரைச்சல் புகுந்துவிடும். நாய்ஸ் கேன்சலிங் ஃபேன், மோட்டார் மாதிரி ஒரே சீரான இரைச்சலை நன்றாகக் குறைக்கும், நாடா அடியை அவ்வளவாகக் குறைக்காது. சித்திரை வெயிலில் ரெக்சின் மெத்தை காதை வேக வைத்துவிடும், துணி மெத்தை போடுகிற மாடலாகப் பாருங்கள். ஆனால் துணி கொஞ்சம் இரைச்சலை உள்ளே விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வால்யூமை வைக்க அந்தப் பையனுக்குச் சொன்ன வழி இது. தறி நின்ற பிறகு, ஊர் அடங்கிய நேரத்தில், காலடி தெளிவாகக் கேட்கிற மிகக் குறைந்த அளவை வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகலில் அதைத் தாண்ட வேண்டியிருந்தால் அது இரைச்சலின் குற்றம், விளையாடும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஈக்வலைசர் அமைப்பில் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைக் குறைத்தால் வெடிச்சத்தம் மெல்லொலிகளை அவ்வளவாக மூடாது, வால்யூமை ஏற்றவும் தேவைப்படாது. ஆட்டம் முடிந்ததும் காதில் ஙொய்ங் என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மறுநாளும் நிற்காவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள்.

புரட்டாசியில் மறுபடி சோதித்தபோது பள்ளம் அப்படியே இருந்தது, ஆழமாகவில்லை. போனது திரும்பாது என்று பையனிடம் ஒளிக்காமல் சொன்னேன். இப்போது ஒயர் வைத்த மூடிய ஹெட்போன், விளையாட்டின் எச்.ஆர்.டி.எஃப். மட்டும், மேசையை உள் அறைக்கு மாற்றிவிட்டான். கிளம்பும்போது ஆடியோகிராம் தாளை மடித்துக்கொண்டே அம்மா கேட்டார்.

"இவங்கப்பா இருவத்தஞ்சு வருசமா தறிக்குள்ளயே நிக்கறாரு. டிவிய ஊருக்கே கேக்கற மாதிரி வைக்கறாருங்க. அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுங்களா?"

தறி ஓடாத நாளாகப் பார்த்து, காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.