பேக்கப்: காப்பியா, காப்பா?

தமிழில் 'பேக்கப்' என்று எழுதினால் அது எந்த ஆங்கிலச் சொல் என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. படப்பிடிப்பு முடிந்ததும் சொல்கிற பேக்கப் மூட்டை கட்டுவது. கணினியில் எடுக்கிற பேக்கப் வேறு சொல். தமிழில் பகரத்துக்கு ஒரே வரிவடிவம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. "இன்வெர்ட்டரில் எத்தனை மணி நேரம் பேக்கப் வரும்?" என்று கடையில் கேட்கிறோமே, அது கணினிப் பேக்கப்பின் உடன்பிறப்பு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருள் ஒருவருக்குப் பின்னால் நின்று தாங்குவது. ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் நிற்கத் தயாராக வைத்திருக்கும் மாற்று என்ற பெயர்ச்சொல்லாக 1950களிலும், கணினித் தரவுக்கு உரிய சொல்லாக 1960களிலும் அது புழங்கத் தொடங்கியது. நகலெடுப்பது என்ற பொருள் அதன் வேரில் இல்லை. ஆகவே 'பின்' என்ற முன்னொட்டை வைத்து 'பின்னெடுப்பு' என்று ஆக்கினால் சொல்லின் எலும்பு வரும், உயிர் வராது.

தமிழ் மென்பொருள் திரைகளில் இன்று அதிகம் தென்படுவது 'காப்புப் பிரதி'. 'காப்பு நகல்' என்பதும் உண்டு. இரண்டிலும் முதற்பாதி அருமையான தேர்வு. 'கா' என்ற வினையிலிருந்து வந்தது காப்பு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், நூலின் முகப்பில் காப்புச் செய்யுள் வைக்கிறோம், உயிருக்குக் காப்பீடு எடுக்கிறோம். பிற்பாதியில் பிரதி வடமொழி, நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. நெடுநாள் பழகிய சொற்கள், தவறில்லை. ஆனாலும் தமிழில் இதற்கென்றே 'படி' இருக்கிறது. செல்லரிக்கும் ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதுவதைப் படியெடுத்தல் என்றார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்ததால்தான் சங்க நூல்கள் அச்சுக்கு வந்து சேர்ந்தன. எனவே பொருளுக்குக் 'காப்புப்படி', செயலுக்குக் 'காப்பெடுத்தல்' என்பதே எங்கள் பரிந்துரை.

காப்பி எடுப்பதற்கும் காப்பு எடுப்பதற்கும் எழுத்தில் ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு, வேலையிலோ பெரிய வேறுபாடு. மூலம் அழிந்தபின் எதை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமோ அதுதான் காப்பு. வகைகளின் பெயரையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் விளங்கும்.

முழுக்காப்பு எளிது: எல்லாவற்றையும் எடுப்பது. குழப்பம் மற்ற இரண்டில். 'இன்கிரிமென்டல்' என்பதை 'அதிகரிப்பு' என்றும், 'டிஃபரன்ஷியல்' என்பதை 'வேறுபாட்டு' என்றும் பெயர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே மாறியதை மட்டும் எடுப்பவைதான். எப்போதிலிருந்து மாறியது என்பதில்தான் பிரிகின்றன. முதலாவது, கடைசியாக எடுத்த எந்தக் காப்புக்கும் பின் மாறியதை எடுக்கும். இரண்டாவது, கடைசி முழுக்காப்புக்குப் பின் மாறிய எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 200 ஜிபி. நாளுக்கு 5 ஜிபி, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு கோப்புகள் மாறுகின்றன. ஞாயிறன்று முழுக்காப்பு. முதல் முறையில் திங்கள் முதல் சனி வரை தினம் 5 ஜிபி, வாரம் முழுதுக்கும் 230 ஜிபி போதும். ஆனால் மீட்க ஞாயிறோடு சேர்த்து ஏழு தொகுதிகளும் வேண்டும். புதன் தொகுதி கெட்டிருந்தால் செவ்வாய் நிலைக்குமேல் நம்பி வர முடியாது. இரண்டாம் முறையில் 5, 10, 15 என்று வளர்ந்து சனியன்று 30, ஆக மொத்தம் 305 ஜிபி. இடம் கூடுதலாகப் பிடிக்கும். மீட்கவோ ஞாயிறும் சனியும் இருந்தால் போதும். அதனால் முதலாவதைச் 'சங்கிலிக் காப்பு' என்றும் இரண்டாவதைத் 'திரள் காப்பு' என்றும் சொல்லலாம். மீட்கும்போது என்ன தேவைப்படும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். விண்டோஸில் ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போனால் 'ஃபைல் இஸ் ரெடி ஃபார் ஆர்க்கைவிங்' என்ற கட்டம் தெரியும். கோப்பு மாறினால் அதில் டிக் விழும். பழைய பாணி மென்பொருளில் முழுக்காப்பும் சங்கிலிக் காப்பும் அந்த டிக்கை எடுத்துவிடும், திரள் காப்பு எடுக்காது. அந்தக் கட்டத்தையே நம்பும் இரண்டு மென்பொருள்களை ஒரே கணினியில் ஓட்டினால் ஒன்று டிக்கை எடுத்துவிட, மாறிய கோப்பை மற்றது விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

காப்பு என்று தவறாக நம்பப்படுபவை மூன்று. கிளவுட் ஒத்திசைவு முதலாவது: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன்பின் போய்விடும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு இரண்டாவது: அது ஒரு வட்டு பழுதானால் வேலை நிற்காமல் காக்கும், தவறாக அழித்ததைக் காக்காது. கோப்புகளின் முந்தைய நிலையை விண்டோஸ் அதே வட்டிலேயே வைத்திருக்கும் நிழற்படி (ஷேடோ காப்பி) மூன்றாவது. 2017 மே மாதம் பரவிய, பணம் கேட்டு மிரட்டும் வான்னாகிரை என்ற தீநிரல் கோப்புகளைப் பூட்டியதோடு அந்த நிழற்படிகளையும் அழித்தது. கணினியிலேயே செருகியிருக்கும் வெளிவட்டும் இப்படியே பூட்டப்படும். காப்பெடுத்ததும் கழற்றி வையுங்கள்.

மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்கிற 3-2-1 விதி தெரிந்ததே. அதில் கடைசி எண்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. அந்த இழப்பு தமிழருக்குத் தெரியும்: 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின.

காப்பெடுக்கும்போது நேரும் பிழைகள் சிறியவை, விளைவு பெரிது. கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே அதன் ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாதி எழுதிய நிலை பதிவாகும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் கோப்பு ஏறாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். தினசரிக் காப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, காப்பெடுக்கும் கருவி 9.2 பதிப்பு என்பதால் ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போயிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு படிதான் கைகொடுத்தது.

மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைக் காப்பிலிருந்து வேறொரு ஃபோல்டருக்கு மீட்டு, திறந்து, கடைசி வரி வரை பாருங்கள். வட்டின்மேல் ஒட்டும் சீட்டில் தேதியோடு வகையையும் எழுதுங்கள்: 'முழு', 'திரள் புதன்', 'சங்கிலி 3/6'. மூன்றாவதைக் கையில் எடுப்பவருக்கு மீதி ஐந்தையும் முழுவையும் தேட வேண்டும் என்று அந்தச் சீட்டே சொல்லும்.