ஸ்லாப்ஸ்டிக்: சொல் விளக்கம்

வழுக்கி விழுதல், உதை வாங்குதல், துரத்தப்படுதல் முதலியவற்றாலேயே சிரிப்பூட்டும் நகைச்சுவை வகைக்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர். இச்சொல் முதலில் ஒரு மேடைக் கருவியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தழைத்த முகமூடி நாடகங்களில் ஆர்லெக்கினோ என்னும் வேலைக்காரன், கைப்பிடியில் மட்டும் இணைந்த இரண்டு மெல்லிய மரச்சட்டங்களாலான கோல் ஒன்றை வைத்திருப்பான். அதனால் லேசாகத் தட்டினாலும் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பேரொலி எழும், அடிபட்டவருக்கோ வலி இராது. ‘ஸ்லாப்’ என்பது அறைதல், ‘ஸ்டிக்’ என்பது கோல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேடைகளில் வழங்கிய இப்பெயர், பிறகு கருவியை விட்டு நகைச்சுவைக்கே உரியதாயிற்று. ஒலி எழுப்பச் செய்த கோலின் பெயர் ஒலியே இல்லாத மௌனப் படங்களுக்கு நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

அப்படங்களின் தலைசிறந்த நடிகர்களுள் ஒருவர் பஸ்டர் கீட்டன் (1895–1966). சிறு வயதிலேயே பெற்றோருடன் மேடையேறிய அவரைத் தந்தை அரங்கின் குறுக்கே தூக்கி எறிவார். பிடித்து எறிய வசதியாக உடையில் கைப்பிடி தைத்திருந்தார்கள். விழுந்தபின் முகம் மாறாமல் எழுந்தால்தான் சிரிப்பு கூடுகிறது என்பதை அவர் அங்கேயே கற்றுக்கொண்டார். 1917இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படங்களில் நடிக்கத் தொடங்கி, 1920 முதல் தம் சொந்தப் படங்களை உருவாக்கினார். 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முகப்பு முழுவதும் அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்துக்குச் சரியாக வந்து இறங்குவதால் அவர் அசையாமல் நிற்கிறார். அந்த முகப்பு கனமானது, தந்திரக் காட்சியன்று. வலிக்காமல் ஒலித்த இத்தாலியக் கோலுக்கும் இதற்கும் வெகுதூரம். அதே ஆண்டு எம்.ஜி.எம். என்னும் ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்து படைப்புச் சுதந்திரத்தை இழந்தார். 1960இல் சிறப்பு ஆஸ்கர் பெற்றார்.

தமிழில் ஸ்லாப்ஸ்டிக்கை ‘அடிதடி நகைச்சுவை’ என்பது பொருந்தாது. அடிதடி என்றால் இரு தரப்பும் மோதுவது, இங்கோ வாங்குபவரே நாயகர். ‘உடல்மொழி நகைச்சுவை’ என்பது நடையையும் முகபாவத்தையும்கூடச் சேர்த்துக்கொள்ளும் அகன்ற சொல். பேச்சுவழக்கில் ‘அடி வாங்கும் காமெடி’ என்பதே கருத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. எழுத்தில் அதனை ‘அடிபடு நகைச்சுவை’ எனலாம். பிறரிடம் அடி வாங்குவதையும் தானே விழுந்து காயப்படுவதையும் ‘அடிபடுதல்’ என்ற ஒரே வினை குறிப்பதால், கீட்டனின் கலை முழுவதும் அதற்குள் அடங்கும்.